காற்றாலையை நிறுத்தும் நிரலும் எல்லாளனின் மணியும்

மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய் போன்ற கரையோர ஊர்களின் வானத்தை இன்று பகிர்ந்துகொண்டிருக்கும் காற்றாலைகள், மின்சாரக் கொள்கையைப் பற்றிய வாதங்களோடு நின்றுவிடாமல் அறவியலுக்கும் ஒரு வினாவை எழுப்புகின்றன. பறவைக் கூட்டம் நெருங்குவதை ராடார் கண்டறிய, அதன் தரவை ஒரு கணினி நிரல் ஆராய்ந்து, ஆலையை நிறுத்துவதா ஓடவிடுவதா என்பதை அந்தக் கணத்தில் எந்த மனிதரையும் கேட்காமலே தீர்த்துவிடும் ஏற்பாட்டில், ஓடவிட்டதனால் ஓர் உயிர் மடியுமானால் அந்த வினை எவரைச் சாரும் என்பதே அவ்வினா. தானியங்கி வாகனங்கள், நோய் கணிக்கும் மென்பொருள்கள், கடன் விண்ணப்பங்களை வடிகட்டும் நிரல்கள் ஆகியவற்றைப் பற்றி உலகெங்கும் இதே கேள்வி கேட்கப்படுகிறது எனினும், அங்கெல்லாம் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடரலாம், இழப்பீடு கோரலாம், குறைந்தது சத்தமிடலாம். பறவைக்கு இவற்றுள் ஒன்றும் இயலாதாகையால், சட்டத்தின் மறைப்பு இல்லாமல் அறத்தின் கேள்வி இங்கே வெறுமையாக நிற்கிறது.

இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு தீவின் தென்கரையில் அமைத்து 2020 டிசெம்பரில் திறந்துவைத்த 'தம்பபவனி' காற்றாலைப் பூங்காவில் 30 ஆலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் வீதம் மொத்தத் திறன் 103.5 மெகாவாட் ஆகும். விசிறிகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். கரையில் நின்று பார்ப்பவருக்கு அவை சோம்பலாகச் சுழல்வதுபோலத் தோன்றினாலும், நல்ல காற்றில் விசிறியின் நுனி மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும். இந்தத் தீவோ மத்திய ஆசிய வான்வழி எனப்படும் வலசைப் பாதையின் தென்கோடியில் கிடக்கிறது. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் அவருடைய குழுவினரும் மன்னாரில் ஹோக்லின் கடற்காகங்களின் உடலில் செய்மதிக் கருவி பூட்டி, அவை ஆர்க்டிக் வட்டாரம்வரை சென்று மீள்வதைத் தொடர்ந்து பதிவுசெய்துள்ளனர். இத்தகைய இடத்தில் ஆலைகளை நிறுவுவதற்குப் பரிகாரமாகச் சொல்லப்பட்டதே, பறவைகள் நெருங்குகையில் ஆலைகளை நிறுத்தும் ராடார் முறை.

அம்முறையின் உள்ளியக்கத்தைச் சிறிது விளக்காமல் வினாவின் கூர்மை புலப்படாது. ராடார் விடுக்கும் நுண்ணலைத் துடிப்பு எதில் பட்டாலும் எதிரொலியாகத் திரும்பும்; மழையில் பட்டாலும் திரும்பும், அலைமுகட்டில் பட்டாலும் திரும்பும், பூச்சித் திரளிலோ படகிலோ பட்டாலும் திரும்பும். திரும்பிய புள்ளிகளைக் கோத்துப் பாதையாக்கி, வேகம், உயரம், எதிரொலியின் வலு, சிறகடிப்பின் தாளம் முதலியவற்றைக் கொண்டு 'இது பறவையாக இருப்பதற்கான வாய்ப்பு இவ்வளவு' என்று ஓர் எண்ணைத் தருவதே நிரலின் வேலை. அந்த எண் முன்னரே வகுத்துவைத்த ஓர் எல்லை மதிப்பைத் தாண்டினால் நிறுத்தற் கட்டளை பிறக்கிறது. விசிறிகள் காற்றுக்குப் பிடிகொடாத கோணத்துக்குத் திரும்பிச் சிறிது நேரத்தில் ஓய்கின்றன. எல்லை மதிப்பைத் தாழ்த்தி வைத்தால் மழைக்கும் அலைக்கும்கூட ஆலை நிற்கும். உயர்த்தி வைத்தால் உண்மையான பறவைகள் சில கணக்கில் வராமல் போகும். பிழையே செய்யாத மதிப்பு என்று ஒன்று இல்லை. இரு வகைப் பிழைகளுள் எதை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்ற தெரிவு மட்டுமே உண்டு. முழு வீச்சில் இயங்கும் 30 ஆலைகளையும் ஒரு மணி நேரம் நிறுத்தினால் 103.5 மெகாவாட்-மணி மின்சாரம் இழக்கப்படும் என்பதால், எல்லை மதிப்பு என்பது கணிதக் குறியீட்டின் உடையில் வந்த விலைச்சீட்டு என்றே கொள்ளல் வேண்டும். அந்த விலையை ஒருவர் ஒரு மேசையில் அமர்ந்து, காற்றும் பறவையும் கண்முன் இல்லாத ஒரு நாளில் நிர்ணயித்திருக்கிறார். செயல் நிகழும் கணத்துக்கும் தீர்மானம் நிகழ்ந்த கணத்துக்கும் இடையே மாதங்களோ ஆண்டுகளோ கிடக்கின்றன.

பொறுப்பு இந்த இடைவெளியில் கரைந்துவிடுகிறது என்ற வாதத்தை 2004இல் அந்திரேயாஸ் மத்தியாஸ் என்ற மெய்யியலாளர் முன்வைத்தார். கற்றுக்கொள்ளும் பொறி தன் நடத்தையைத் தானே மாற்றிக்கொள்வதால், ஆக்கியவரும் இயக்குபவரும் அதை முன்னறியவோ கட்டுப்படுத்தவோ இயலாத நிலை தோன்றுகிறது. ஆகவே எவரையும் நியாயமாகக் குற்றஞ்சாட்ட முடியாத ஒரு பொறுப்பின் வெற்றிடம் உண்டாகிறது என்பது அவர் கருத்து. இவ்வாதம் புதியதுபோல் ஒலித்தாலும் இதன் மையத்திலுள்ள சிக்கல், அதாவது அறியாமையால் நேர்ந்த உயிர்ச்சேதம் வினையாகுமா என்பது, இந்திய மெய்யியல் மரபுகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றோடொன்று மோதிக்கொண்ட களமாகும்.

பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் வைத்தது. பிக்குகளுக்குரிய விநய ஒழுக்கத்தில், வேண்டுமென்றே ஓர் உயிரைக் கொல்வதே குற்றம். எண்ணாமல் நேர்ந்தது குற்றமன்று. சமணரோ இந்நிலைப்பாட்டைக் கடுமையாக எள்ளினர். சமண அங்க நூல்களுள் ஒன்றான சூத்திரகிருதாங்கத்தில் வரும் ஓர் உரையாடலில், பிண்ணாக்கு உருண்டையை மனிதன் என்று கருதிக் குத்தியவன் கொலைகாரனாகவும், மனிதனைப் பிண்ணாக்கு என்று கருதிக் குத்தியவன் தூயவனாகவும் ஆகிவிடும் விபரீதம் பௌத்தரின் வாயிலேயே வைத்துக் காட்டப்படுகிறது. குழந்தையைச் சுரைக்காயாகக் கருதியவனின் நிலையும் அங்கே பேசப்படுகிறது. எதிராளியின் கொள்கையை எதிராளிக்கே நியாயமற்ற முறையில் சுருக்கிக் காட்டும் கேலிதான் இது. ஆனாலும் ஒன்றை மற்றொன்றாக வகைப்படுத்திய பிழைக்கு அறவியல் எடை உண்டா என்ற கேள்வியை, வகைப்படுத்தும் நிரல்கள் தோன்றுவதற்கு மிக நெடுங்காலம் முன்பே அது துல்லியமாகக் கேட்டுவிட்டது. பறவையை மழையென்று கணித்த நிரலும், மழையைப் பறவையென்று கணித்த நிரலும் அந்த உரையாடலின் இரு மாந்தரே.

இரு தரப்புக்கும் இடையில் வழி கண்டவர் சமண அறிஞரான உமாசுவாதி. தத்துவார்த்த சூத்திரத்தில் அவர் வன்முறைக்குத் தரும் வரையறையில் உயிர்நீக்கம் மட்டும் இல்லை, எண்ணம் மட்டும் இல்லை. அசட்டையால் விளைந்த உயிர்நீக்கமே வன்முறை என்று இரண்டும் பிணைக்கப்படுகின்றன. கவனத்தோடு நடந்தவனின் காலடியில் ஒரு பூச்சி மடிந்தால் ஒருவகை, பார்க்காமலே நடந்தவனின் காலடியில் மடிந்தால் வேறு வகை. எண்ணத்தை மட்டும் அளக்கும் அறவியலுக்கு நிரலாளர் பிடிபடமாட்டார், ஏனெனில் அவர் எந்தப் பறவையையும் கொல்ல எண்ணவில்லை; விளைவை மட்டும் அளக்கும் அறவியலுக்கு எல்லோரும் குற்றவாளிகள், ஆகவே ஒருவரும் குற்றவாளியல்லர். கவனத்தை அளக்கும் அறவியல் ஒன்றுதான் எல்லை மதிப்பை நிர்ணயித்த மேசைவரை சென்று, அங்கே எந்தக் கேள்விகள் கேட்கப்பட்டன, எவை கேட்கப்படாமல் விடப்பட்டன என்று வினவ வல்லது.

பௌத்தமும் நடைமுறையில் இவ்வழியையே நாடியது என்பதைக் குறிப்பிடாவிட்டால் சமணரின் கேலிக்குத் துணைபோனதாகிவிடும். பிக்குவின் உடைமைகளுள் நீர்வடிகட்டியும் ஒன்று. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மடியாதிருக்கவே அது வகுக்கப்பட்டது. இரு பிக்குகள் வழிப்பயணம் செய்கையில் ஒருவர் தம் வடிகட்டியை மற்றவருக்குத் தர மறுத்ததாகவும், கேட்டவர் நீரருந்தாமலே மடிந்ததாகவும், அதன்பின் வடிகட்டியின்றி நெடுவழி செல்லலாகாது என்ற விதி ஏற்பட்டதாகவும் விநய நூலான சுள்ளவக்கம் கூறுகிறது. எண்ணமே வினை என்று சொன்ன மரபு, உயிர்காக்கும் கருவியைக் கையில் வைத்திருப்பதைக் கடமையாக்கியதும், அக்கருவியைப் பகிர மறுப்பதைக் குறையாகக் கண்டதும் பெரிதும் கவனிக்கத்தக்கன. ராடார் இருக்கிறதா என்பதோடு பௌத்தரின் கேள்வி முடியாது. அதன் துளைகள் எவ்வளவு பெரியவை என்பதும் சேர்த்தே கேட்கப்படும்.

சைவ சித்தாந்தத்தின் பங்கு இங்கே சுருக்கமானது, ஆனால் தெளிவானது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார் முதலானோர் வினையைச் சடம் என்றனர். சடப்பொருள் தன்னைச் செய்தவரைத் தானே தேடிச் சென்று பயனூட்ட அறியாது, அறிவுடைய இறைவனே அதைக் கூட்டுவிக்கிறான் என்பது அவர்களது கொள்கை. நிரல் எத்துணை நுட்பமாகக் கற்றாலும் இக்கணக்கில் அது சடமே, கருவியே. செய்பவன் உயிர் மட்டுமே. 'கணினி முடிவு செய்தது' என்ற வாக்கியம் சித்தாந்திக்கு, 'கத்தி கொன்றது' என்பதைப்போல முற்றுப்பெறாத வாக்கியமாகவே தோன்றும்.

மன்னார் மாவட்டத்தில் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர் ஆகையால் அவர்களது மரபு இவ்வினாவை எவ்வாறு அணுகும் என்பதும் இவ்விடத்துக்கு உரியதே. தற்காப்பைப் பற்றிய ஆய்வில் தோமா அக்குவினாசு, ஒரே செயலுக்கு எண்ணிய விளைவும் எண்ணத்துக்குப் புறம்பான விளைவும் என இரண்டு இருக்கலாம் என்று காட்டினார்; பின்வந்தோர் அதை இரட்டை விளைவுக் கோட்பாடாக வளர்த்து, தீய விளைவை விரும்பாதிருத்தலோடு, நன்மைக்கும் தீமைக்கும் தகுந்த விகிதம் இருத்தலையும் நிபந்தனையாக்கினர். நுரைச்சோலையின் நிலக்கரி மின்நிலையத்தில் எரிவதைக் குறைக்கும் காற்று மின்சாரம் நன்மை, மடியும் பறவை விரும்பப்படாத தீமை என்ற வாதம் இக்கோட்பாட்டின்மீதே நிற்கிறது. இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், விகிதம் தகுந்ததா என்று சொல்வதற்கு முன் அதை எண்ணியாக வேண்டும். எண்ணும் பொறுப்பை நிரலிடம் விட்டவர் விகிதத்தை அறிந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 2024 யூனில் இத்தாலியில் கூடிய ஜி7 மாநாட்டில் பேசிய திருத்தந்தை பிரான்சிசு, பொறி பல வாய்ப்புகளுள் ஒன்றைக் கணக்கிட்டுத் தெரிவுசெய்யலாம், ஆனால் நெஞ்சில் தீர்மானிப்பது மனிதர்க்கே உரியது என்ற வேறுபாட்டை வலியுறுத்தினார். செயற்கை நுண்ணறிவைப் பற்றி வத்திக்கான் 2025 சனவரியில் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்ற ஆவணமும் அறப்பொறுப்பை மனிதர்பாலே வைக்கிறது. சித்தாந்தியும் கத்தோலிக்கரும் வெவ்வேறு வாயில்களால் நுழைந்து ஒரே மன்றத்தில் சந்திக்கின்றனர்.

இத்தனை மரபுகளும் எழுப்பும் கேள்விகளை ஒருசேரக் காட்டும் கதைகள், மன்னாரிலிருந்து அதிகத் தொலைவில்லாத அனுராதபுரத்தைக் களமாகக் கொண்டு மகாவம்சத்தில் இடம்பெற்றுள்ளன. அங்கிருந்து ஆண்ட எல்லாளன் தன் கட்டிலின் தலைமாட்டில் நீண்ட கயிறு கட்டிய மணியொன்றைத் தொங்கவிட்டிருந்தான் என்கிறது அந்நூல். நீதி வேண்டுவோர் எவரும் அதை இழுக்கலாம். அவன் மகன் தேரில் செல்கையில் எண்ணாமல் ஒரு கன்றைக் கொல்ல, தாய்ப்பசு மணியை இழுத்தது. அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துணிக்கச் செய்தான் அரசன். சேக்கிழார் திருவாரூரில் வைத்துப் பாடிய மனுநீதிச் சோழன் கதையாகத் தமிழர் நன்கறிந்தது இதுவே. அடுத்த கதை அவ்வளவு அறியப்படாதது. பனைமரத்தில் இருந்த பறவைக் குஞ்சை ஒரு பாம்பு விழுங்க, தாய்ப்பறவை வந்து மணியை இழுத்தது. அரசன் பாம்பைப் பிடித்து வயிற்றைக் கீறிக் குஞ்சை எடுத்துவிட்டு, பாம்பை அம்மரத்திலேயே தொங்கவிடச் செய்தான். மூன்றாவதில் அரசனே குற்றவாளி. சேதிய மலைக்குச் சென்ற வழியில் அவனது தேரின் நுகமுனை பட்டுத் தூபியொன்று சிதைந்தது. எண்ணாமல் நேர்ந்தது என்று தெரிந்திருந்தும் அவன் இறங்கிச் சாலையில் படுத்து, தன் தலையையும் சக்கரத்தால் துணிக்குமாறு சொன்னான். அமைச்சர்கள், பிறரைத் துன்புறுத்துவதைப் புத்தர் ஏற்கமாட்டார், தூபியைச் சீர்செய்து அமைதி தேடுக என்றனர். பெயர்ந்தவை 15 கற்களே ஆயினும் அவற்றுக்கு 15,000 கார்ஷாபணம் செலவிட்டான்.

முதற்கதை மட்டுமே புகழ்பெற்றது ஒருவகையில் இழப்புதான், ஏனெனில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது நீதியின் வடிவம் மாறிக்கொண்டே வருவது தெரிகிறது. மகனைக் கொன்றது சமன்செய்தல். பாம்பைத் தொங்கவிட்டதோ, தன் இயல்பின்படி நடந்த, வேறுவிதமாக நடக்க அறியாத ஒன்றைத் தண்டித்தல். விபத்துக்குப் பின் மென்பொருளைத் திரும்பப் பெற்றுவிட்டுக் கோவையை மூடிவிடும் நிறுவனங்களின் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான பழங்கதை கிடைப்பது அரிது. தூபிக் கதையில்தான் செய்தவன் தானே முன்வந்து, எண்ணமில்லை என்ற காப்பைக் கைவிட்டு, சேதத்தின் அளவைவிட மிகுதியாக ஈடுசெய்கிறான். முதலிரண்டு கதைகளுக்கும் பொதுவானதும் முதன்மையானதும் மணியே. அதை இழுப்பவர் அரண்மனைக்கு வெளியே இருந்து வருகிறார். பசுவோ பறவையோ ஆனாலும் வரலாம். ராடாரும் ஒரு மணிதான் என்றாலும் அதன் கயிற்றின் இரு முனைகளும் ஆலையின் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. அது எதைப் பறவை என்று காண்கிறதோ அதற்கு மட்டுமே ஒலிக்கும். கண்டுகொள்ளாத பறவை அதை இழுக்க வழியில்லை. மின்கடத்தும் கம்பிகளில் மோதி விழும் பறவையோ அதன் கணக்கிலேயே இல்லை.

கருவியின் திறனைப் பற்றிய உலக அனுபவமும் இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் காற்றாலைகளில் ஐடென்டிஃபிளைட் எனும் ஒளிப்படக்கருவி முறை கழுகுகளை அடையாளங்கண்டு ஆலைகளை நிறுத்துவதால் கழுகுச் சாவுகள் 82 விழுக்காடு குறைந்தன என்று 2021இல் ஓர் ஆய்வு அறிவித்தது. அதே தரவை மீண்டும் ஆராய்ந்த வேறு புள்ளியியலாளர்கள், குறைவு ஏற்பட்டதற்கான சான்று மிகச் சிறிதே என்று 2023இல் எழுதினர். மடிந்த உடல்களைத் தேடி எண்ணுவதே இத்துறையின் அளவுகோல்; நாயும் காகமும் நண்டும் கொண்டுபோனவற்றையும், கடலில் விழுந்தவற்றையும் ஊகத்தால் நிரப்ப வேண்டியிருப்பதால், ஒரே தரவிலிருந்து இருவேறு முடிவுகள் பிறப்பதில் வியப்பில்லை. கவனம் என்பதை ஒருமுறை வாங்கி நிறுவிவிடும் பொருளாகக் கொள்ளமுடியாது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

மன்னாரில் எழுந்த வழக்குகளும் போராட்டங்களும் இப்பின்னணியில் வேறு பொருள் பெறுகின்றன. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் திட்டத்தை முன்மொழிந்த அதானி கிரீன் எனர்ஜி 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வேறு நிறுவனங்களின் புதிய ஆலைகளையும் இல்மனைட் மணல் அகழ்வையும் எதிர்த்து அதே ஆண்டு ஓகஸ்டில் மக்கள் தெருவில் இறங்க, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் செய்தார். கடற்றொழில், வெள்ளநீர் வடிதல், நிலம் என மக்கள் சொன்ன காரணங்கள் பல. அக்காரணங்களுள் பறவைக்கு இரண்டாம் இடமே கிடைத்ததெனினும், அந்த மணியின் கயிற்றை இழுத்தவர்கள் ஆலை வளாகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்பது முக்கியம்.

நிரலாளர் கைக்கு எட்டும் பகுதி இதில் சிறிதல்ல. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் போன்ற கருவிகளால், நிரலின் எந்த வரியை எவர் எந்த நாளில் ஏன் மாற்றினார் என்பது ஏற்கெனவே பதிவாகிறது. எல்லை மதிப்பையும் அத்தகைய பதிவுக்குள் கொண்டுவந்து, உயர்த்தியவர் பெயரையும் காரணத்தையும் ஊரவரும் படிக்கத்தக்க தமிழில் வெளியிட்டால், மத்தியாஸ் கண்ட வெற்றிடம் பெருமளவு நிரம்பிவிடும். கரையில் இறந்த பறவையைக் கண்ட கடற்றொழிலாளரின் தகவலும் அதே பதிவில் ஏறினால் கயிறு வளாகத்துக்கு வெளியே நீளும். எனினும் நுண்ணறிவே தேவைப்படாத வேறொரு தீர்வும் உண்டு. தீவில் காற்று வலுத்து வீசுவது மே முதல் செப்டெம்பர் வரையான சோழகக் காலத்தில்; வலசைப் பறவைகள் தங்குவதோ பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை. ஆகவே வலசை மிகும் வாரங்களில், மிகும் வேளைகளில், ஆலைகளை நேர அட்டவணைப்படி நிறுத்திவைப்பதற்கு ஆகும் இழப்பு முதற்பார்வையில் தோன்றும் அளவுக்குப் பெரிதாக இராது. நிரலைவிட அட்டவணை மொண்ணையானது. பறவையே வராத இரவிலும் அது ஆலையை நிறுத்தும், அட்டவணைக்கு வெளியே வரும் பறவையைக் காக்காது. ஆனால் அதை எவரும் படிக்கலாம், மீறப்பட்டதை எவரும் காணலாம், மீறியவரைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். மின் கொள்வனவு ஒப்பந்தங்களில் இத்தகைய அட்டவணைக்கு இடம் கோருவோர், அதனால் குறையும் வருமானத்தை எவர் ஏற்பது என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும். 15 கற்களுக்கு 15,000 காசு கொடுத்த அரசன் அதைத் தன் கையிலிருந்துதான் கொடுத்தானா, குடிகளின் வரியிலிருந்து கொடுத்தானா என்பதை மகாவம்சம் சொல்லவில்லை.